ஆறு மாதம் நிற்கப்போகும் காரின் பேட்டரியைக் காப்பாற்றுவது எப்படி

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஐந்தரை மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பினோம். எங்கள் சென்னை அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கார் அதுவரை நின்ற இடத்திலேயே நின்றது. வந்த மறுநாள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் சத்தமே இல்லை. சாவியைப் போட்டுத் திருப்பிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடித்தால் டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தபோது 3.8 வோல்ட். பேட்டரிக்கு அப்போது வயது 14 மாதம்தான்.

கல்யாணத்துக்கு ஆட்டோவில் போனோம். அடுத்த மூன்று வாரம் பேட்டரிக் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் புதுப் பேட்டரிக்கு 4,600 ரூபாய் அழுதேன். கிளம்புவதற்கு முன் அரை நாள் செலவழித்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. மகன், மகள் வீட்டுக்கு மாதக்கணக்கில் போகிறவர்கள், வளைகுடாவிலிருந்து வருடம் ஒருமுறை ஊருக்கு வருகிறவர்கள், கப்பல் வேலைக்காரர்கள் எல்லாருக்கும் இது பயன்படும். நான் மெக்கானிக் இல்லை. பட்டவன், அவ்வளவுதான்.

1. எத்தனை நாள் நிற்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

பூட்டி வைத்த காரிலும் மின்சாரம் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். அலாரம், ரிமோட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் ரிசீவர், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கணக்கு) பேட்டரி. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஏ.ஹெச். போகும். 24 நாளில் பாதி காலி. பாதிக்குக் கீழே போனால் செல்ஃப் எடுப்பதே சந்தேகம். இது புதுப் பேட்டரிக்கான கணக்கு, மூன்று வருடம் ஓடிய பேட்டரிக்கு இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

காலியான பேட்டரியைத் திரும்ப சார்ஜ் போட்டுக்கொண்டால் போயிற்று என்று நானும் நினைத்தேன். லெட்-ஆசிட் பேட்டரி காலியாகக் கிடக்கும்போது உள்ளே தகடுகளின் மேல் சல்பேட் படியும். சில நாள் என்றால் சார்ஜ் ஏற்றும்போது கரைந்துவிடும். வாரக்கணக்கில் கிடந்தால் கெட்டிப்பட்டு உட்கார்ந்துவிடும், அப்புறம் எந்தச் சார்ஜரும் அதை முழுசாகக் கரைக்காது. பேட்டரி தீர்ந்துபோவதைவிட, தீர்ந்த நிலையில் கிடப்பதுதான் அதைக் கொல்கிறது.

என் கணக்கு இதுதான். இரண்டு வாரம் வரை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், முழு சார்ஜோடு நிறுத்திவிட்டுப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் கழற்றுவதோடு, நடுவில் ஒருமுறையாவது யாராவது சார்ஜ் ஏற்ற ஏற்பாடு செய்யுங்கள். வயரைக் கழற்றினாலும் பேட்டரி தானாகவே மாதம் 4, 5 சதவீதம் இழக்கும், வெயில் ஏற ஏற அது இன்னும் கூடும். பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பார்கள். சென்னை, வேலூர், திருச்சிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் திறந்த வெளியில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2. "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி விடச் சொல்லுங்க": இந்த யோசனையில் விழாதீர்கள்

நான் விழுந்த குழி இது. குடியிருப்பில் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து நிமிடம் ஓட விடச் சொல்லிவிட்டுப் போனேன். அவரும் பாவம், சொன்னபடி செய்திருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 30 மில்லி ஆம்பியர் வீதம் 5 ஏ.ஹெச். போகிறது. ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடினால் திரும்பி ஏறுவது, தாராளமாகப் பார்த்தாலும், 1 ஏ.ஹெச். அளவுதான். ஸ்டார்ட் ஆகும்போது செல்ஃப் மோட்டார் விழுங்குவது தனி. ஏசியோ விளக்கோ போட்டிருந்தால் அதுவும் இல்லை. வாரா வாரம் கடன் ஏறிக்கொண்டேதான் போகும். போதாக்குறைக்கு, இன்ஜின் சூடாகாமலே நிறுத்துவதால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும்.

சாவி இன்னொருவர் கையில் இருப்பதால் வரும் வம்புகள் வேறு. மூன்றாவது மாதம் அவர் ஊருக்குப் போனபோது மச்சினன் பையனிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறார். பையன் பாட்டுக் கேட்டிருக்கிறான். ஒரு நாள் பின் கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறான். உள்ளே கூரை விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. இரண்டு நாளில் கதை முடிந்தது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சாவி கொடுத்தவன் நான்தான்.

உங்கள் தம்பியோ மருமகனோ உள்ளூரில் இருந்து, லைசென்ஸும் இருந்து, வாரம் ஒருமுறை அரை மணி, முக்கால் மணி நேரம் வெளியே நன்றாக ஓட்டுவார் என்றால் சரி, அது நல்ல ஏற்பாடுதான். நின்ற இடத்தில் உறுமவிடுவது வேண்டாம்.

3. ஒரு மாதம் முன்பு: காகிதங்கள்

பேட்டரிக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் முடியும் தேதியைப் பாருங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது முடிகிறது என்றால் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் கிளெய்ம் கேட்காததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ், போய்விடும், ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதம் வரை சேர்த்தவருக்கு அது பேட்டரி விலையைவிடப் பெரிய அடி. விட்டுப்போன பாலிசியைப் புதுப்பிக்கப் போனால் வண்டியைப் படம் எடுத்து அனுப்பு, ஓடோமீட்டரைக் காட்டு என்பார்கள். பேட்டரி கழற்றிய வண்டியில் டிஜிட்டல் ஓடோமீட்டரை எப்படிக் காட்டுவீர்கள்? வண்டி ஓடவே போவதில்லையே, இன்ஷூரன்ஸ் எதற்கு என்றும் நினைக்க வேண்டாம். நிற்கும் வண்டிக்குத்தான் திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம்.

புகைச் சான்றிதழ் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்பதால் வெளிநாட்டிலிருந்து எதுவும் செய்ய முடியாது. முடிந்தால் கிளம்பும் வாரத்தில் புதிதாக எடுத்துவிடுங்கள். திரும்பி வந்து எடுப்பதானால் முதல் ஓட்டமே அந்த நிலையத்துக்காக இருக்கட்டும். வண்டிக்கு 15 வயது நெருங்குகிறதா என்று ஆர்.சி.யில் பாருங்கள். மறுபதிவுக்கு முடிவுத் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும், அந்த 60 நாளும் உங்கள் பயணத்துக்குள் விழுந்தால் திட்டத்தை மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் பேட்டரி வாரண்டி கார்டு. நான் கோட்டை விட்டது இங்கேதான். கார்டு வீட்டில் இருந்தது. ஆனால் அதில் வண்டி எண் எழுதும் இடம் காலி, கடை முத்திரையும் இல்லை, பில் எங்கே போனதோ தெரியாது. 24+24 மாத வாரண்டி என்றால் முதல் 24 மாதத்துக்குள் பழுதானால் மாற்றித் தருவார்கள், அடுத்த 24 மாதம் விலையில் தள்ளுபடி மட்டும்தான். முக்கியமாக ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கு. ஓட்டாமல் போட்டு வைத்துத் தீர்ந்துபோன பேட்டரியை அவர்கள் சார்ஜ் ஏற்றித் திருப்பித்தான் தருவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. மூன்று நாள் வைத்திருந்து, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார், டிஸ்சார்ஜ்தான் ஆயிருந்துது" என்று கையில் கொடுத்தார்கள். பத்து நாளில் மறுபடி படுத்தது.

பாலிசியோடு ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள். ஜம்ப் ஸ்டார்ட், அதாவது வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுப்பது, பெரும்பாலும் அதில் அடங்கும். திரும்பி வந்த அன்று உங்கள் இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓ.டி.பி. வராமல் அதுவும் கைகொடுக்காது.

இரண்டு சாவியும் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். வண்டி திருடு போனால் கிளெய்முக்கு இரண்டையும் கேட்பார்கள்.

4. ஒரு வாரம் முன்பு: வாங்க வேண்டியவை, பிடுங்க வேண்டியவை

நான் இப்போது வைத்திருக்கும் சாமான்: பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று 60 ரூபாய், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் 350 ரூபாய், தானாக நிறுத்திக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர் 3,200 ரூபாய், ஜம்பர் கேபிள் 700 ரூபாய். சார்ஜர் வாங்க மனமில்லை என்றால் பரவாயில்லை, பேட்டரிக் கடையில் ஓர் இரவு வைத்து சார்ஜ் ஏற்ற 150, 200 ரூபாய்தான் வாங்குகிறார்கள். மீட்டர் மட்டும் கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் நீங்கள் செய்வதெல்லாம் ஊகம்.

சார்ஜ் இருக்கிறதா என்று காட்ட பேட்டரி மேலே இருக்கும் பச்சைக் கண்ணை நம்பாதீர்கள். உள்ளே ஆறு செல்கள் இருக்கின்றன, அந்தக் கண் பார்ப்பது ஒரே ஒரு செல்லை. என் பேட்டரி செத்த பிறகும், கடையில் சார்ஜ் ஏற்றியதும், கண் பச்சையாகத்தான் விழித்துக்கொண்டிருந்தது.

டாஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர், ஓ.பி.டி. சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) சொருகிய கருவி, சிகரெட் சாக்கெட் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பார்க்கிங் மோடில் இருக்கும் டாஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஏ.ஹெச்., மூன்று நாளில் பாதிப் பேட்டரி காலி. வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டமும் சந்தேகத்துக்குரியதுதான். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் சாவியை வண்டிக்குள்ளோ, வண்டி நிற்கும் சுவரை ஒட்டிய அலமாரியிலோ வைக்காதீர்கள். சில வண்டிகள் பக்கத்தில் சாவி இருப்பதை உணர்ந்து அடிக்கடி விழித்துக்கொள்ளும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊற்றுங்கள், நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காய்ந்த பின் வாசலின் தடவுங்கள். கலவை பேட்டரி மூடிகளுக்குள் இறங்கக் கூடாது. மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் தண்ணீர் அளவையும் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆர்.ஓ. தண்ணீரும் மினரல் வாட்டரும் அது ஆகாது. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, முழு அளவை சார்ஜ் ஏறிய பிறகு சரி செய்யுங்கள். முதலிலேயே விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும்.

இன்னொன்று, ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை வெளியே எடுத்து, டிரைவர் கதவின் சாவித் துவாரத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பல வண்டிகளில் அது வருடக்கணக்கில் தொடப்படாமல் இறுகிப்போயிருக்கும். பானட்டைத் திறக்கும் லீவர் வண்டிக்குள் இருக்கிறது. கதவு திறக்காவிட்டால் பேட்டரிக்குப் போக வழியே இல்லை.

5. முந்தின நாள்: முழு சார்ஜ்

அரைகுறை சார்ஜோடு கழற்றி வைத்தால் பாதிப் பலன்தான். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வரலாம், ஆனால் அதில் முழுசாக நிரம்பும் என்று சொல்ல முடியாது. சார்ஜர்தான் சரி. பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்ற வேண்டும் என்பது கடைக்காரர்களின் கணக்கு. 35-க்கு 3.5. பாதி காலியாக இருந்தால் ஆறேழு மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டால் காலைக்குள் முடிந்துவிடும். சிவப்பு கிளிப் பாசிட்டிவில், கருப்பு கிளிப் நெகட்டிவில், கடைசியாகத்தான் சுவர் ஸ்விட்ச். எடுக்கும்போது முதலில் ஸ்விட்ச்.

சிக்னலில் தானாக இன்ஜின் நிற்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி என்றால் இரண்டு விஷயம் மாறும். அதிலிருப்பது ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்ற தனி வகைப் பேட்டரி, சார்ஜரில் அதற்கான மோட் இருக்க வேண்டும். நெகட்டிவ் டெர்மினலில் சின்ன சென்சார் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், ஆகவே கருப்பு கிளிப்பை டெர்மினலில் மாட்டாமல் இன்ஜின் பக்கத்து இரும்பில் மாட்டுங்கள். அப்போதுதான் ஏறிய கணக்கு அந்த சென்சாருக்குத் தெரியும்.

அடுக்ககத்தில் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் இருக்காது, இருந்தாலும் அது பொதுக் கரண்ட், சங்கச் செயலாளரிடம் சொல்லாமல் சொருகினால் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் வரும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போவதானால், 35 ஏ.ஹெச். பேட்டரி பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும், சாய்க்காமல் நிமிர்த்தியே தூக்குங்கள். நெஞ்சோடு அணைத்துத் தூக்காதீர்கள். நான் வேட்டி கட்டிக்கொண்டு அப்படித்தான் இரண்டு மாடி ஏறினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை, அடுத்த சலவையில் வேட்டியில் பொட்டுப் பொட்டாக ஏழெட்டு ஓட்டை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பால்கனியில் வையுங்கள், பூஜை விளக்கும் அடுப்பும் இருக்கும் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், பலகை மேல் வை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை.

சார்ஜ் முடிந்தவுடன் மீட்டர் 13-க்கு மேல் காட்டும், அதைப் பார்த்து மகிழ வேண்டாம். ஆறு மணி நேரமாவது சும்மா விட்டுப் பிறகு அளந்தால்தான் உண்மை. 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழுசு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. முழு சார்ஜ் ஏற்றி ஓர் இரவு விட்டும் 12.4-ஐத் தாண்டவில்லை என்றால் அது கிழட்டுப் பேட்டரி. அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், திரும்பி வந்து புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்.

6. கிளம்பும் நாள்: கழற்றும் வரிசை

வண்டியை நிற்கப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடிகளை ஏற்றுங்கள், கழற்றிய பிறகு ஏறாது. முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள், ஆறு மாதம் இழுத்தே வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில் விடுங்கள். டிக்கி மின்சார பட்டனில் மட்டும் திறக்கும் வகை என்றால் ஸ்பானர், கேபிள் எதையும் அதற்குள் போட்டு மூடாதீர்கள். மற்ற கதவுகளை உள்ளிருந்து கையால் பூட்டுங்கள்.

சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறங்க அவ்வளவு நேரம் கொடுப்பது நல்லது.

இப்போது பானட்டைத் திறந்து நெகட்டிவை மட்டும் கழற்றுங்கள். கருப்பு வயர், மைனஸ் குறி. வண்டியின் இரும்பு உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்தது. முதலில் பாசிட்டிவில் கை வைத்து, ஸ்பானரின் மறுமுனை பானட் இரும்பில் பட்டால் நேரடி ஷார்ட், ஸ்பானரே பழுத்து ஒட்டிக்கொள்ளும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை. பேட்டரியை வெளியே எடுப்பதாக இருந்தால் அதற்குப் பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

கழற்றிய வயர் விறைப்பாக இருக்கும், விட்டால் தானாகவே திரும்பி வந்து டெர்மினலைத் தொடும். நான் அதற்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டி, சணல் கயிற்றால் ஓரமாக இழுத்துக் கட்டினேன். ஸ்டியரிங்கில் "பேட்டரி கழற்றியிருக்கிறது, யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று ஓர் அட்டை. பிறகு பானட்டை மூடி, டிரைவர் கதவை இரும்புச் சாவியால் பூட்டினால் முடிந்தது. இனி அலாரம் வேலை செய்யாது, ஆனால் சாவி சிப்பைக் கேட்கும் இம்மொபிலைசர் போய்விடாது.

ஸ்பானரே பிடிக்கத் தெரியாது என்பவர்களுக்கு டெர்மினலில் மாட்டும் கட்-ஆஃப் திருகு கிடைக்கிறது, 300 ரூபாய் அளவில். ஒருமுறை மெக்கானிக்கை வைத்து மாட்டிக்கொண்டால் அப்புறம் கையாலேயே திருகித் துண்டிக்கலாம். பித்தளை தடிமனாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், மலிவானவை சூடேறும்.

சார்ஜரையே ஆறு மாதமும் மாட்டி வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். தனி வீடு, மூடிய ஷெட், தினமும் பார்க்க ஆள் இருந்தால் செய்யலாம், நல்ல சார்ஜர்கள் 13.5 வோல்ட் பக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆளில்லாத அடுக்கக பார்க்கிங்கில் நான் செய்ய மாட்டேன். மின்வெட்டு, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் ஒரு பக்கம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை பார்க்கிங்குகள் குளமாயின என்று பார்த்தவர்களுக்கு அந்த வயரை நினைத்து அமெரிக்காவில் தூக்கம் வராது.

மின்சார கார் வைத்திருப்பவர்களும் தப்பிக்க முடியாது. அதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அது செத்தால் கதவும் திறக்காது, பெரிய பேட்டரியில் நிறைய இருந்தாலும் வண்டி கிளம்பாது. பெரிய பேட்டரியை 50 சதவீதத்தை ஒட்டி வைத்துவிட்டு, 12 வோல்ட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள், வண்டிக்கு வண்டி முறை மாறும்.

7. திரும்பி வந்த பிறகு

அவசர வேலை இருக்கும் நாளில் முதன்முதலாக வண்டியை எடுக்காதீர்கள், என் கல்யாணக் கதைதான் ஆகும். ஒரு நாள் ஒதுக்குங்கள். பானட்டைத் திறந்ததும் முதலில் எலி. வயர்கள் கடிபட்டிருக்கின்றனவா, ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு மீட்டர். 12.4 அல்லது மேலே இருந்தால் நெகட்டிவை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது சின்னப் பொறி தெறிக்கும், பயப்பட வேண்டாம். நட்டை இறுக்கிய பின் கையால் திருகிப் பாருங்கள், கிளாம்ப் அசையவே கூடாது. பாதி "பேட்டரி கோளாறு" இந்த லூஸ் கிளாம்ப்தான்.

கடிகாரம் அழிந்திருக்கும். கண்ணாடி ஒரே தட்டில் ஏறாது, பட்டனைப் பிடித்து முழுசாக இறக்கி, ஏற்றி, சில விநாடி பிடித்தே வைத்தால் பெரும்பாலும் சரியாகும். சில வண்டிகளில் ஸ்டியரிங் விளக்கு எரியும், இரண்டு பக்கமும் முழுசாக ஒருமுறை திருப்பினால் போய்விடும். பழைய மியூசிக் சிஸ்டம் சிலவற்றில் கோட் கேட்கும், அந்த அட்டையைக் கிளம்பும் முன்பே தேடி வையுங்கள். ஐடில் முதல் சில கிலோமீட்டர் ஏறி இறங்கலாம். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

8. செத்தே போயிருந்தால்

ஜம்ப் ஸ்டார்ட் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கருப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் ஃபியூஸ் போகும், சில சமயம் அதைவிட விலை உயர்ந்தவையும் போகும், ஆகவே மாட்டும் முன் குறியை வாய்விட்டுப் படியுங்கள். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயலவே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று பெட்ரோல் போட நிறுத்தாதீர்கள். நான் பேட்டரிக் கடை வாசலிலேயே அணைத்துவிட்டு மாட்டிக்கொண்டேன், அதுவாவது சரியான வாசல்.

அடியோடு இறங்கிய பேட்டரியைப் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் பேட்டரியாகவே மதிக்காது, மாட்டினால் எரர் காட்டும். கடையில் இருக்கும் சாதாரண சார்ஜரில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிய பின் ஒரு நாள் சும்மா வைத்து அளக்கச் சொல்லுங்கள். எனக்கு மாலையில் 12.6 காட்டியது, மறுநாள் 11-ஐச் சொச்சம். ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் நான் பத்து நாள் நம்பிக்கொண்டிருந்தது வீண்.

புதுசு வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பார்த்து மூன்று மாதத்துக்குள் ஆனதாகக் கேளுங்கள், கடை அலமாரியில் கிடந்ததும் கிடந்த பேட்டரிதான். அதே 35 ஏ.ஹெச்.சில் பாசிட்டிவ் இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு வகை வரும், மாற்றி வாங்கினால் வயர் எட்டாது. பில்லிலும் கார்டிலும் வண்டி எண்ணும் பேட்டரி வரிசை எண்ணும் எழுதி, முத்திரை குத்தி வாங்கி, கடையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டியில் மாற்றிக் கொடுத்தால் பொதுவாகப் பழைய தேதியில் மிச்சம் இருக்கும் மாதங்கள்தான் தொடரும், புதிதாகத் தொடங்காது. பழைய பேட்டரியைத் தெருவில் வரும் காயலான்காரரிடம் போடாதீர்கள், ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப்போவார். புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்து, அதன் தொகையைப் பில்லில் தனி வரியாகக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.